கழுத்துல ஏதோ மினுங்குதுங்க

2022 மே மாசத்துக் கதை இது. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

அப்போ நாங்க சாம்பியாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வாரத்துல அஞ்சு நாள் லுசாகாவில் கணக்கு எழுதுறது, லீவு கிடைச்சா கேமராவைத் தூக்கிட்டுக் காட்டுக்கு ஓடுறதுன்னு பொழப்பு ஓடிக்கிட்டு இருந்தது. இந்த ஆறு வருஷத்துல சிங்கம் எடுத்தாச்சு. சிறுத்தையை மரத்து மேல, மரத்துக்குக் கீழ, கொட்டாவி விடும்போதுன்னு எல்லாப் போஸ்லயும் எடுத்தாச்சு. யானை, நீர்யானை எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இடம் பத்தாம அழிக்கிற நிலைமை. ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கலை. நாய்.

அம்மாகிட்ட ஃபோன்ல, "நாய் பார்க்கப் போறோம்மா, 700 கிலோமீட்டர்"னு சொன்னப்போ, "ஏன்டா, நம்ம தெருவுலயே பன்னெண்டு திரியுதே, இங்க வந்தப்ப ஒண்ணையாவது நிமிர்ந்து பார்த்தியா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை.

ஆனா இது அந்த நாய் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டு நாய். நம்ம வீட்டு நாய்க்கும் இதுக்கும் ரொம்ப தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். வீட்டு நாயோட இது இனம் சேராது. நம்ம நாய்க்கு முன்னங்கால்ல உள்பக்கமா மேலே ஒரு குட்டி விரல் இருக்கும் பாருங்க, அது இதுக்குக் கிடையாது, நாலே விரல்தான். காது ரெண்டும் உருண்டையா, தோசைக் கரண்டி மாதிரி. உடம்பெல்லாம் கறுப்பு, மஞ்சள், வெள்ளைன்னு யாரோ பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். அறிவியல் பெயரே லைகாவோன் பிக்டஸ், அதாவது வண்ணம் பூசின ஓநாய். 1820ல் இதுக்கு முதல் தடவையா அறிவியல் பெயர் வச்ச டெம்மிங்க்ங்கிற டச்சுக்காரர் இதைக் கழுதைப்புலின்னு நினைச்சுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, பார்த்தா அப்படித்தான் இருக்கும்.

ஒரு காலத்துல சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருந்த பிராணி. 2012ல் எடுத்த கணக்குப்படி மொத்த ஆப்பிரிக்காவிலும் வளர்ந்த நாய்கள் 6,600தான் தேறுமாம். அதிலும் குட்டி போடுற நிலையில இருக்கிறது 1,400. கூட்டத்துல பெரும்பாலும் தலைமை ஜோடி மட்டும்தான் குட்டி போடும், மத்ததெல்லாம் சித்தப்பா பெரியப்பா சித்தி உத்தியோகம்தான் பார்க்கும். அதனாலதான் ரெண்டாவது கணக்கு அவ்வளவு கம்மி.

ஏன் இப்படிக் குறைஞ்சு போச்சு? ஆடு மாடு மேய்க்க நிலத்தை எடுத்துக்கிட்டோம், அது ஒண்ணு. ஊர் நாய்கிட்டேயிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பரும் தொத்திக்கும். செரங்கெட்டி சமவெளியில 1991ல் கடைசிக் கூட்டமும் காணாமப் போச்சு, இருபது வருஷம் கழிச்சுத்தான் வேற இடத்திலிருந்து கொண்டுவந்து விட்டாங்க. இது போக, இதுங்க மேல ஒரு கெட்ட பேர் வேற. சிங்கம் கழுத்தைக் கவ்வி மூச்சடக்கிக் கொல்றது ராஜ கம்பீரமாம். இதுங்க ஓடுற மானோட வயித்தைக் கிழிக்கிறது மட்டும் கொடூரமாம். மான்கிட்ட யாரும் கேட்கலை. அந்தப் பேரைச் சொல்லியே இருபதாம் நூற்றாண்டுல பாதிக்கு மேல, தேசியப் பூங்கா காவலர்களே இதுங்களைச் சுட்டுத் தள்ளினாங்க, கொன்னவனுக்கு வெகுமதியும் உண்டு. நம்ம ஊர் செந்நாய்க்கும் இதே கதைதானே? 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வர்ற வரைக்கும் அதுங்க தலைக்கும் விலை இருந்தது. முதுமலையில நான் செந்நாயை ஒரே ஒரு தடவை, ரோட்டைத் தாண்டுற அஞ்சு செகண்ட் பார்த்திருக்கேன். அந்த அஞ்சு செகண்டுதான் இந்தப் பைத்தியத்துக்கு ஆரம்பம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

லுசாகாவிலிருந்து கிழக்கே கிரேட் ஈஸ்ட் ரோட்டைப் பிடிச்சா 570 கிலோமீட்டர்ல சிப்பாட்டா. அங்கேயிருந்து இடது பக்கம் திரும்பி இன்னும் நூத்துச் சொச்சம் போனா முஃபுவே, சவுத் லுவாங்வா தேசியப் பூங்காவோட வாசல். 9,050 சதுர கிலோமீட்டர் காடு. காட்டுக்குள்ள விருந்தாளிகளை நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போற சஃபாரி இந்தப் பள்ளத்தாக்குலதான், நார்மன் கார் ஆரம்பிச்சது. நானும் தங்கமணியும் வியாழக்கிழமை விடியக்காலம் கிளம்பி, பொழுது சாயுறதுக்குள்ள பூங்காவுக்கு உள்ளே இருக்கிற எங்க லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். பின் சீட்டுல என்னோட கேனன் 7டி மார்க் 2, 100-400 லென்ஸ், அப்புறம் ஒரு தலகாணி உறையில ரெண்டு கிலோ அரிசி.

அரிசி எதுக்குன்னா, ஜீப் கம்பியில லென்ஸை வச்சு எடுக்க பீன் பேக் வேணும். கடையில விக்கிற விலைக்கு நான் அரிசியே கட்டிக்கிட்டேன். "வெண்பொங்கலாவது வச்சிருக்கலாம்"னு தங்கமணி சிப்பாட்டா வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

எங்க கைடு முன்னாடி பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர். அதனால நாங்களே வச்ச பேர் வாத்தியார். மனுஷன் அதிகம் பேச மாட்டார். பேசினா சரியா இருக்கும். முதல் நாளே சொல்லிட்டார். "மே மாசம் பாஸ். மழை இப்பத்தான் நின்னிருக்கு, புல்லு இடுப்பு வரைக்கும் நிக்குது. இன்னும் வளைக்குப் போகலை, ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் அலையும். கிடைச்சா அதிர்ஷ்டம்." வளைக்குப் போறதுன்னா குட்டி போடப் போறது. ஜூன் வாக்குல பெட்டை நாய், எறும்புதின்னி தோண்டிப்போட்ட பழைய பொந்துல குட்டி போடும். மூணு மாசம் கூட்டமே அங்க நங்கூரம் போட்டுடும். அப்போ வந்தா சுலபமா பார்க்கலாமேன்னு கேட்டேன். "சுலபம்தான். ஜீப் தடத்தைப் பார்த்துக் கழுதைப்புலியும் சிங்கமும் வளைக்கு வந்துடும். நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்"னார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒண்ணும் இல்லை. சனிக்கிழமை காலையில ஒண்ணும் இல்லை. இல்லைன்னா, நாய் இல்லை. ட்சேட்சி ஈ நிறைய இருந்தது. கறுப்பும் கருநீலமும் அந்த ஈக்கு ரொம்பப் பிடிக்கும்னு தெரிஞ்சும், தலையிலிருந்து கால் வரைக்கும் கருநீலத்துல வந்த ஒரே ஆள் நான்தான்.

சனிக்கிழமை, மே 14, சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். மோப்பானி மரக்காடு தாண்டி ஒரு வெட்டவெளி. இம்பாலா கூட்டம் ஒண்ணு திடீர்னு அலறிப் புடைச்சுக்கிட்டு ஓடி வந்தது. வாத்தியார் ஒண்ணுமே சொல்லலை. ஜீப்பைத் திருப்பினார், மெதுவாத்தான், ஆனா அவர் கழுத்து நிமிர்ந்துடுச்சு. நானூறு மீட்டர் போயிருப்போம். புல்லுக்கு மேல முதல்ல தெரிஞ்சது காது. அப்புறம் ஒரு வெள்ளை வால் நுனி. அப்புறம் இன்னொண்ணு.

பதினாலு நாய்.

வேட்டை முடிஞ்சு நாலஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அதுக்குள்ள இம்பாலாவில் பாதி இல்லை. சிங்கம் மாதிரி உறுமல், அறை, தள்ளுமுள்ளு ஒண்ணும் கிடையாது. போன வருஷத்துக் குட்டிகளுக்கு முதல் பந்தி, பெரியவங்க சுத்தி நின்னு காவல். கல்யாண வீட்டுல கூட நான் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் கொண்டாட்டம். ஒண்ணை ஒண்ணு முகர்ந்து, வாயை நக்கி, குருவி மாதிரி கீச்சுக்கீச்சுன்னு சத்தம். இவ்வளவு பெரிய பிராணியோட தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வரும்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

நான் எடுக்க ஆரம்பிச்சேன். ஃபோட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், மத்தவங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடலாம். இந்த நாயை எடுக்கிறது படு கஷ்டம். மூஞ்சி முழுக்கக் கறுப்பு, கண்ணும் கரும்பழுப்பு. கண்ணுல ஒரு சொட்டு வெளிச்சம் விழலைன்னா முகத்துல கண்ணே இருக்காது, ஓட்டைதான் இருக்கும். கறுப்புக்கு எக்ஸ்போஷர் வச்சா வால் நுனி வெள்ளை எரிஞ்சு போயிடும். வாலுக்கு வச்சா மூஞ்சி கரிக்கட்டை. முன்னாடி புல்லு வேற, ஆட்டோஃபோகஸ் நாயை விட்டுட்டுப் புல்லைத்தான் பிடிக்கும். ஜீப்புல உட்கார்ந்திருக்கிறதால மேலேயிருந்து பார்க்கிற கோணம். இதுக்கு நடுவுல சூரியன் இறங்கிக்கிட்டே இருக்கு. ஐஎஸ்ஓ 1600ல் ஆரம்பிச்சு 6400க்குப் போயிட்டேன். ஷட்டர் 250ல் ஒண்ணு.

விளையாடுறதுங்களைத்தான் எடுத்தேன். ரெண்டு இளசுங்க இம்பாலாவோட கால் ஒண்ணை ஆளுக்கொரு பக்கம் கவ்வி இழுத்துக்கிட்டு ஓடுதுங்க, பின்னாடி புழுதி, புழுதிக்குள்ள வெயில். ஆறு வருஷமா நான் மனசுக்குள்ள எடுத்து வச்சிருந்த படம் அது.

கூட்டத்துல ஒண்ணு மட்டும் விளையாட வரலை. கொஞ்சம் தள்ளி, இடது பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. ஆண், ஒண்ணரை ரெண்டு வயசு இருக்கும். இன்னொரு நாய் பக்கத்துல போய் அதோட கழுத்தை நக்கிக் கொடுத்துக்கிட்டு இருந்தது.

தங்கமணி பைனாகுலர்ல பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "ஏங்க, அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்கே, அதுக்குக் கழுத்துல ஏதோ மினுங்குதுங்க."

நான் வியூஃபைண்டர்லேயிருந்து கண்ணை எடுக்கலை. "ரத்தம்மா. இப்பத்தானே தின்னுச்சு. எல்லாத்துக்கும் கழுத்துல ரத்தம் இருக்கு பாரு."

"ரத்தம் மினுங்குமா?"

"ஈரம்மா."

அவ்வளவுதான் பேச்சு. அஞ்சு செகண்டு. ஒப்புக்கு அந்தப் பக்கம் திருப்பி நாலஞ்சு க்ளிக் பண்ணினேன், திரும்பி விளையாட்டுக்கு வந்துட்டேன். வாத்தியார் முன்னாடி உட்கார்ந்து ரேடியோவுல இன்னொரு ஜீப்புக்கு வழி சொல்லிக்கிட்டு இருந்தார். அவர் உட்கார்ந்த இடத்துக்கும் அந்த நாய்க்கும் நடுவுல ஒரு புதர். நாங்க பேசினது தமிழ்ல.

கொஞ்ச நேரத்துல நாய்ங்க ஒவ்வொண்ணா எழுந்து தும்ம ஆரம்பிச்சது. நிஜமாவே தும்மல்தான். "எல்லாத்துக்கும் ஜலதோஷமா?"ன்னு தங்கமணி கேட்டதுக்கு வாத்தியார் சிரிச்சுக்கிட்டே சொன்னார், அது ஓட்டுப் போடுறதாம். போட்ஸ்வானாவுல ஒகவாங்கோ பக்கம் ஆராய்ச்சி பண்ணி 2017ல் எழுதியிருக்காங்க. கிளம்பலாமா வேண்டாமான்னு தும்மித்தான் முடிவு பண்ணும். தலைமை ஜோடி கிளப்பினா மூணு தும்மல் போதும், சாதா உறுப்பினர் கிளப்பினா பத்தாவது வேணும். நம்ம ஊர் பொதுக்குழு மாதிரிதான். நாங்க பார்த்தப்போ தும்மல் எண்ணிக்கை சுலபமா தேறிடுச்சு, பதினாலும் வரிசையா எங்க ஜீப்பை ஒட்டி, கை நீட்டினா தொடுற தூரத்துல நடந்து, இருட்டுக்குள்ள போயிடுச்சு. நூறு லென்ஸுக்கே அடங்காத கிட்டம். நான் கேமராவைக் கீழே வச்சுட்டு வாயைப் பிளந்து பார்த்தேன். தங்கமணி மட்டும் ஃபோன்ல வீடியோ எடுத்தாங்க.

மொத்தம் 43 நிமிஷம். 618 படம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பத்து மணி இருக்கும். புழுதியும் வெயிலும் இழுபறியும் இருக்கிற படம் நல்லாவே வந்திருந்தது. அதை ரெண்டு தடவை பார்த்து ரசிச்சுட்டு, குப்பையைக் கழிக்க ஆரம்பிச்சேன். ஓரத்துல உட்கார்ந்த நாயோட படம் ஒன்பது. எட்டு மங்கல். ஒன்பதாவது ஃபோகஸ்ல இருக்கான்னு பார்க்க நூறு சதவீதத்துக்குப் பெருசு பண்ணி, வழக்கம்போலக் கண்ணைப் பார்த்தேன். கண்ணு கூர்மையா இல்லை. ஃபோகஸ் கழுத்துல போய் உட்கார்ந்திருந்தது.

கழுத்துல ரத்தம். அந்த ரத்தத்துக்கு நடுவுல, ரோமம் பிளந்த இடத்துல, மெலிசா நேரா ஒரு கோடு. ஒரு இடத்துல மட்டும் வெள்ளையா ஒளி பட்டுத் திரும்புது. காதுக்குப் பின்னாடி, முறுக்கின கம்பி நுனி ஒண்ணு வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது.

சுருக்குக் கம்பி.

கீழே வச்சிருந்த டீ ஆறிப் போற வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். தங்கமணி தூங்கிட்டாங்க. எழுப்பலாமா வேண்டாமான்னு யோசிச்சதை இப்போ எழுதவே கூச்சமா இருக்கு. எழுப்பினேன். படத்தைப் பார்த்தாங்க. "நான் சொன்னேன்ல?"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். சொல்லலை. "அவரை எழுப்புங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

ராத்திரி அங்க ரூமை விட்டு நாமளா இறங்கிப் போக முடியாது. நீர்யானை லாட்ஜ் புல்லை மேய வரும். வாசல்ல நின்னு டார்ச்சை ஆட்டினா காவலாளி வருவார். ஆட்டினேன். அவர் வந்து, போய், வாத்தியார் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு வந்தார். படத்தைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துட்டார்.

"இதை இப்பத்தான் பார்த்தீங்களா பாஸ்?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. சொல்லலை. "அவங்க அங்கேயே பார்த்தாங்க. நான்தான் ரத்தம்னு சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு ஏன் சொல்லலை?"ன்னார். கோபமே இல்லை குரல்ல. வகுப்புல கணக்குத் தப்பாப் போட்ட பையன்கிட்ட எந்த இடத்துல தப்பாச்சுன்னு கேட்கிற மாதிரி. அதான் தாங்கலை.

அவர் கேட்டதுல அர்த்தம் இருக்கு. சாயங்காலமே தெரிஞ்சிருந்தா ரேடியோவுல ஒரு வார்த்தை. முஃபுவேயில மாமிசப் பிராணிகளை ஆராயுற சாம்பியன் கார்னிவோர் புரோகிராம் இருக்கு, வேட்டைத் தடுப்பு வேலை பார்க்கிற கன்சர்வேஷன் சவுத் லுவாங்வா இருக்கு. வனவிலங்குத் துறையோட சேர்ந்து, மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டி எடுக்கிற டாக்டர்கள் இருக்காங்க. கூட்டம் கண்ணு முன்னாடி இருக்கிற வரைக்கும்தான் அவங்களால எதுவும் செய்ய முடியும். அந்தக் கூட்டத்துல ரேடியோ காலர் மாட்டின நாய் ஒண்ணும் இல்லை. பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி வேற. நிலா வெளிச்சம் இருந்தா இதுங்க ராத்திரியிலும் வேட்டைக்குப் போகும். நான் பீத்திக்கிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்ட நேரத்துல அதுங்க எத்தனை கிலோமீட்டர் போயிருக்குமோ.

அந்தக் கம்பி நாய்க்கு வச்சது இல்லை. இம்பாலாவுக்கும் பூக்குங்கிற மானுக்கும் வைக்கிறது, கறிக்காக. வேலிக் கம்பி, பழைய மின்கம்பி, சைக்கிள் பிரேக் கம்பின்னு எது கிடைச்சாலும் வளைச்சு மரத்துல கட்டி வச்சுட்டுப் போயிடுவாங்க. வச்சவன் மேல எனக்கு முழுசாக் கோபம் வரலை. பூங்காவை ஒட்டின ஊர்ல யானை ஒரே ராத்திரியில சோளக்கொல்லையைக் காலி பண்ணிட்டுப் போன இடத்தை நான் பார்த்திருக்கேன். ஆனா நாள் முழுக்க அலையுற பிராணி எத்தனை சுருக்கைத் தாண்டியாகணும்னு நினைச்சுப் பாருங்க. மாட்டினதும் இழுத்துக் கம்பியை அத்துக்கிட்டு வந்துடும். கம்பி கழுத்தோடவே வரும். வளர்ற வயசுல இருக்கிற நாய், கழுத்து பெருக்கப் பெருக்க அது உள்ளே இறங்கிக்கிட்டே போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். வாத்தியார் அஞ்சு மணிக்கே எல்லாருக்கும் ரேடியோவுல சொல்லிட்டார். வேட்டை நடந்த இடத்துல மண்டை ஓடும் கழுகும்தான் இருந்தது. மண்ணுல தடம் கிடைச்சது. ஒரு ஓடை வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம் புல்லு. அன்னிக்கு வழியில ரெண்டு தடவை சிறுத்தை பார்த்தோம். வண்டி நிக்கவே இல்லை. மத்தியானம் ஆராய்ச்சிக் குழுவுல ஒரு அம்மா ஃபோன்ல பேசினாங்க. முதல் கேள்வி: "ரெண்டு பக்கமும் படம் இருக்கா?"

இந்த நாய்க்கு உடம்புல இருக்கிற புள்ளிதான் கைரேகை. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இடது பக்கம் மாதிரி வலது பக்கமும் இருக்காது. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் ஆல்பத்துல இருக்கிற எந்த நாய்னு உறுதியா சொல்ல முடியும், அடுத்த தடவை யார் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் பிடிக்க முடியும். 618 படத்தையும் தேடினேன். அவனோட வலது பக்கம் ஒண்ணுல கூட இல்லை. அழகா இல்லாததால அவன் பக்கம் நான் திரும்பவே இல்லையே.

தங்கமணி ஃபோனை நீட்டினாங்க. ஜீப்பை ஒட்டி நடந்து போன வரிசை. ஆடிக்கிட்டே எடுத்த வீடியோ, நடுவுல என் முழங்கை. ஒன்பதாவதா போறான், வலது பக்கம் முழுசாத் தெரியுது. விலாவில் வெள்ளையா, கவிழ்ந்த குடை மாதிரி ஒரு திட்டு. பாதி இருட்டு. அது போதும்னு சொல்லிட்டாங்க அந்த அம்மா. தொழில்முறை லென்ஸுக்கும் சேர்த்து ஒரு சாதாரண ஃபோன் வேலை பார்த்தது.

சாயங்காலமும் தேடினோம். இல்லை.

திங்கட்கிழமை நாங்க திரும்பற நாள். விடியக்காலம் அஞ்சரைக்கு லாட்ஜ் நெருப்பு பக்கத்துல காபியோட நின்னா, மேற்கே நிலா செம்பு நிறத்துல மங்கிக்கிட்டு இருந்தது. முழுச் சந்திர கிரகணம். ஆத்துக்கு மேல, கருவேல மரக்கிளைக்கு நடுவுல. வாழ்க்கையில ஒரு தடவை கிடைக்கிற படம். கேமரா தோள்லதான் தொங்கிக்கிட்டு இருந்தது. வாத்தியார் சாவியைக் கையில வச்சுக்கிட்டு, "போலாமா?"ன்னார். போனோம். ஒன்பதரை வரைக்கும் தேடிட்டு, அவர் எங்களை லாட்ஜ்ல இறக்கிவிட்டார். கை கொடுத்தார். நான் மன்னிப்பு கேட்க ஆரம்பிச்சேன், அவர் தங்கமணி பக்கம் திரும்பி, "மேடம், உங்க கண்ணு நல்ல கண்ணு"ன்னார். லுசாகா வரைக்கும் நாங்க அதிகமாப் பேசிக்கலை. அரிசியைப் பத்திக் கூட.

அடுத்த ஒரு வாரம் ஆபீஸ்ல ஃபோன் அதிர்ந்தா போதும், எக்செல் ஷீட்டை விட்டுட்டு எடுத்துப் பார்ப்பேன். இழுபறிப் படத்தை நண்பர்கள் யாருக்கும் அனுப்பலை.

ஒன்பதாம் நாள், மே 25, வாட்ஸ்அப்ல வாத்தியார். முதல்ல ஒரு படம், அப்புறம்தான் எழுத்து. படத்துல ஒரு பழைய தார்பாய் மேல நாய் படுத்திருக்கு, கண்ணைத் துணியால கட்டியிருக்காங்க, கையுறை போட்ட கை ஒண்ணு கழுத்தைப் பிடிச்சிருக்கு. பக்கத்துல துண்டு துண்டா வெட்டின கம்பி. விலாவில் கவிழ்ந்த குடை. எழுத்துல இருந்தது இவ்வளவுதான்: வடக்கே வேற ஒரு லாட்ஜ் ஜீப் பார்த்திருக்காங்க, வலது பக்கம்தான் தெரிஞ்சதாம், அந்த வீடியோவை வச்சு அடையாளம் சொல்லியிருக்காங்க. கம்பி அரை விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. மூச்சுக்குழாய்ல படலை. மயக்கம் தெளிஞ்சு எழுந்து நின்னதும், தூரத்துல காத்துக்கிட்டு இருந்த கூட்டம் கீச்சுக்கீச்சுன்னு ஓடி வந்து சேர்த்துக்கிச்சாம்.

தங்கமணிகிட்ட காட்டினேன். அடுப்படியில நின்னுக்கிட்டே ரெண்டு விரலால பெருசு பண்ணிக் கழுத்தைப் பார்த்தாங்க, கம்பியைப் பார்த்தாங்க. அப்புறம் ஃபோனைக் கொடுத்துட்டுக் குக்கரை இறக்கினாங்க.

2023 மே மாசம் மறுபடியும் போனோம். அதே லாட்ஜ், அதே வாத்தியார், அதே ரெண்டு கிலோ அரிசி. (வண்டு வந்துடுச்சு. மாத்தலை.) நாலு நாள்ல நாய் கிடைக்கலை. கூட்டம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சாம். அவன் கூட்டத்தோடதான் இருக்கான், கழுத்துல ரோமம் முளைக்காத ஒரு வளையம் மட்டும் இருக்குன்னு வாத்தியார் சொன்னார்.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருந்தது. பின் சீட்டுல தங்கமணி தமிழ்ல வாயைத் திறந்தாலே வண்டி நின்னுடும். வாத்தியார் திரும்பி, "என்ன சொன்னாங்க?"ன்னு கேட்பார். ரெண்டாம் நாள் சாயங்காலம் யானைக்கூட்டத்துக்கு நடுவுல பட்டுன்னு பிரேக் போட்டு அப்படிக் கேட்டார்.

"பசிக்குதாம்"னேன்.

அதையும் நம்பாம, ஒரு தடவை அவங்க முகத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.